நான்காம் வகுப்பின் ஐந்தாவது விதி

வெர்னா ஹ்ருஷ்காவைப் போன்ற பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. ஆஷ் க்ரீக் பள்ளியில் இருபத்தொன்பது வருடமாக நான்காம் வகுப்பு ஆசிரியை. நான் அதே பள்ளியின் சமையல்காரி லொரெய்ன். அவளோடு சண்டை போட்டே எனக்குத் தலை நரைத்தது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளி திறந்த வாரம், மளிகைக்கடையில் இறைச்சி மடிக்கிற பழுப்புத்தாளை ஆறடி வாங்கி வருவாள். பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதில் தங்கள் வகுப்புக்கு அரசியல் சாசனம் எழுதுவார்கள். மன்றம் உண்டு, தேர்தல் உண்டு, ஐந்து பிள்ளைகள் கொண்ட நீதிமன்றம்கூட உண்டு. எல்லோரும் கையெழுத்துப் போட்டபின் கடைசியாக வெர்னாவும் போடுவாள்.

"ஒன்பது வயசுப் பிள்ளைங்களுக்கு எதுக்குடி இந்தக் கூத்து? கொடியில எத்தனை நட்சத்திரம், முதல் ஜனாதிபதி யாருன்னு சொல்லிக் குடுத்தா போதாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பரீட்சை முடிஞ்சதும் மறந்துடும் லொரெய்ன். தான் எழுதின சட்டம் தன்னையே கடிக்குது பாரு, அப்பதான் சட்டம்னா என்னன்னு புரியும்" என்றாள்.

அந்த வருடக் குளிர்காலத்தில் அவளுக்கே கடி விழுந்தது.

வாசிப்புத் தேர்வில் எங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்திருந்தது. இந்தச் சாசனமும் நீதிமன்றமும் நடக்கிற வெர்னாவின் அரைமணி நேரக் குடிமைப் பாடத்தைப் பிடுங்கி, தேர்வுப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று பள்ளி வாரியத்தில் பேச்சு. வாரியத்துக்காரர் ட்வைட் ஷ்ரோடர் வெள்ளிக்கிழமை வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் சொல்வதுதான் முடிவு. மக்காச்சோள விவசாயி, முன்னாள் கடற்படைக்காரர், சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்பவர். அந்த அரைமணி போனால் வெர்னா வேலையை விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை காலை, நான் குப்பை கொட்ட வெளியே போனேன். காற்று முகத்தை அறுத்தது. அந்த வாரம் கொடியேற்றும் முறை வெர்னாவின் வகுப்பு மரிபெல் ஓச்சோவாவுக்கு. இறைச்சி ஆலையில் வேலை செய்யும் கான்ஸ்வேலோவின் மகள். விறைத்த விரல்களோடு கொக்கியை மாட்ட முடியாமல் நின்றாள்.

"தள்ளு கண்ணு, நான் ஏத்துறேன். நீ உள்ள ஓடு" என்றேன். கண்ணில் நீர் வழிய, கைக்கு வந்தபடி மாட்டி, மேலே இழுத்துக் கட்டிவிட்டு அடுப்புக்கு ஓடினேன்.

கொடி தலைகீழாகப் பறந்தது, நட்சத்திரமெல்லாம் கீழே.

யார் கண்ணில் படக்கூடாதோ அவர் கண்ணிலேயே பட்டது. அந்த வழியாகப் போன ஷ்ரோடர் வண்டியை நிறுத்திவிட்டு, பனி ஒட்டிய காலணியோடு வகுப்புக்குள் நுழைந்தாராம். "கப்பல் மூழ்கும்போதுதான் கொடியை இப்படிக் கட்டுவாங்க! இதுதான் நீங்க சொல்லிக் குடுக்கிற லட்சணமா?" என்று கத்தினாராம். வெர்னாவுக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. எல்லோர் முன்னாலும், "மரிபெல், இந்த மாசம் முழுக்க உனக்குக் கொடி வேலை கிடையாது" என்றிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளை நாளைக்கு மறந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மரிபெல் மறக்கவில்லை. வியாழக்கிழமை வகுப்பு நீதிமன்றத்தின் புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டு விழுந்தது. 'ஐந்தாவது விதி: கேட்காமல் யாருக்கும் தண்டனை கிடையாது. மிஸ் என்னைக் கேட்கவில்லை.' சாசனப்படி அடுத்த குடிமை வகுப்பிலேயே விசாரணை. அதாவது வெள்ளிக்கிழமை, ஷ்ரோடரின் மூக்குக்கு நேரே.

"பைத்தியமா உனக்கு? திங்கட்கிழமைக்குத் தள்ளி வைடி!" என்றேன்.

"வசதிப்பட்டா விசாரிக்கலாம்னு அந்தத் தாள்ல எங்கயாவது எழுதியிருக்கா?" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் பள்ளியில் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும், பட்டை போட்ட இனிப்பு ரோலும். ரோலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வகுப்பு வாசலில் போய் நின்றேன். ஷ்ரோடர் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். ஐந்து பிள்ளை நீதிபதிகளின் நடுவில் தலைமை நீதிபதி ஹேட்டி, முன்பல் இரண்டும் இல்லாதவள்.

"கொடி ஏன் தலைகீழா இருந்தது?" என்று தொடங்கினாள்.

"நான் மாட்டல" என்றாள் மரிபெல்.

"அப்ப யாரு?"

மரிபெல் தரையைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன். சொன்னா அவங்க வேலை போயிடும்."

ஒன்பது வயதுப் பிள்ளை என் சோற்றைக் காப்பாற்ற இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது, நானோ எருமை மாதிரி நிற்கிறேன்!

"நான்தான் மாட்டினேன்" என்று உள்ளே போனேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொன்னேன்.

ஹேட்டி என்னை விட்டுவிட்டு வெர்னா பக்கம் திரும்பினாள். "மிஸ், நீங்க மரிபெல்லைக் கேட்டீங்களா?"

"கேட்கல. என் தப்பு" என்றாள் வெர்னா. நின்றுகொண்டே சொன்னாள், ஷ்ரோடர் பக்கம் திரும்பவே இல்லை.

ஐவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். தீர்ப்பு: மிஸ் விதியை மீறிவிட்டார். மரிபெல்லிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்; ஒரு வாரம் அவரே கொடியேற்றவேண்டும், மரிபெல் மேற்பார்வை.

வெர்னா அங்கேயே மன்னிப்புக் கேட்டாள்.

ஷ்ரோடர் எழுந்தார். தொலைந்தது என்று நினைத்தேன். "டீச்சரையே தப்புன்னு சொல்ல உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

ஹேட்டி விழித்தாள். இதென்ன கேள்வி என்கிற மாதிரி வெர்னாவைக் கை காட்டினாள். "அவங்கதான் சார்."

ஹேட்டி இன்னும் முடிக்கவில்லை. "சார், புதன்கிழமை நீங்களும் கேட்காமலேதான் கத்தினீங்க."

ஷ்ரோடர் சுவரிலிருந்த பழுப்புத்தாளின் அருகே போய் ஐந்தாவது விதியைப் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரிபெல்லின் மேசைக்குப் போனார். "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

அரைமணி நேரம் வெர்னாவிடமே இருந்தது. என் ரோல்கள் அத்தனையும் கருகிப்போயின.

திங்கட்கிழமை காலை அதே அறுக்கிற காற்று. வெர்னா கொக்கியோடு மல்லுக்கட்டினாள். நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"நீங்க வேண்டாம்" என்றாள் மரிபெல். வெர்னாவின் கையிலிருந்த துணியை ஒருமுறை பார்த்தாள். "நட்சத்திரம் மேல இருக்கு. இழுங்க மிஸ்."