சனிக்கிழமை நான்கு மணிப் பேச்சு

எங்கள் கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டும்போது நான் நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். தையல் மிஷினுக்கு நூல்கண்டு வாங்கக் கிளம்பியவள், பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போகலாமென்று உள்ளே வந்திருந்தேன். நூலகர் நான்கு மூலையிலும் குண்டூசி குத்திவிட்டு, பின்னால் தள்ளி நின்று, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். தாள் சாயவில்லை. நான்தான் சாய்ந்தேன்.

தாளில் நல்ல செய்திகள்தான் இருந்தன. ஒன்றாம் தேதியிலிருந்து மதியம் நூலகத்தை மூட மாட்டார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஒரே மூச்சாகத் திறந்திருக்கும். மாடி முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு. கிழிந்து தொங்கும் பழைய உறுப்பினர் அட்டைக்குப் பதிலாக, கடையில் சோப்பு டப்பாவில் இருப்பதுபோல் கோடு போட்ட புது அட்டை. நடமாட முடியாதவர்களுக்குப் புத்தகம் வீடு தேடிப் போகும். கடைசியில் இது: ‘சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு வாசகர் பேச்சு. முதல் பேச்சு: கேட்டதும் பார்த்ததும்.’ அதற்குக் கீழே பேசுபவர் பெயர்.

என் பெயர் இல்லை. பெண்கள் பகுதி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் அக்காவின் பெயர்.

அந்த அக்காவை நூலகத்துக்குக் கூட்டி வந்ததே நான்தான். வெள்ளகோவிலிலிருந்து மகன் வீட்டோடு வந்து எங்கள் பின்தெருவில் குடியேறியவர். ஜாக்கெட் தைக்க வந்த இடத்தில் பழக்கம். “எனக்கெதுக்கு அம்மணி புஸ்தகமெல்லாம்” என்றவரை, விண்ணப்பத்தை நானே நிரப்பி உறுப்பினராக்கினேன். வந்து என்ன படித்தார்? வாரப் பத்திரிகையில் சமையல் குறிப்பும் துணுக்கும். அதையும் என்னிடம் காட்டி, “இது நெசமா இருக்குமா?” என்று கேட்பார்.

நான் அப்படியில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மில்லில் நூல் சுற்றப் போனவள்தான். ஆனால் மில் மூடிய பிறகு இந்த நூலகத்தில் படிக்காத அலமாரி இல்லை. அதோடு எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜனங்கள் போகிற போக்கில் சொல்கிற வார்த்தைகளைப் பிடித்து வைத்துக்கொள்வேன். தனி நோட்டெல்லாம் கிடையாது. தையல் அளவு நோட்டிலேயே, மார்பு முப்பத்தாறு, தோள் பதினாலு என்று எழுதுகிற பக்கத்தின் ஓரத்தில் எழுதிவிடுவேன். சற்றுப் பருத்துப்போன ஒரு அம்மா, நான் தைத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஜாக்கெட்டு சரியாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் மூச்சு உட வாரதில்லை.” காந்திபுரத்தில் கூட்டமான டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர்: “உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள என்ன புலியா உக்காந்திருக்குது?” இவற்றையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் அந்த பெஞ்சில் நான் சொல்வேன். பெஞ்சு நிறையும். பேப்பர் படிக்கும் ஆண்கள்கூட பேப்பரை இறக்கிக் கேட்பார்கள். நூலகர் ஒருநாள்கூட எங்களை அதட்டியதில்லை; சிரிப்பு மிஞ்சினால் மின்விசிறியை ஒரு எண் கூட்டிவிடுவார், அவ்வளவுதான்.

ஆக, சனிக்கிழமைப் பேச்சு என்று ஒன்று வந்தால் அது யாருடையது? நீங்களே சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். தாள் ஒட்டுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு நூலகர் பேனாவும் காகிதமுமாக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். இளவயதுப் பிள்ளை, திருநெல்வேலிப் பக்கம்; மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“யக்கா, புதுசா சனிக்கிழமை பேச்சு ஆரம்பிக்கோம். மொதல் பேச்சு நீங்க பேசுதீங்களா?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் பொங்கிவிட்டது. ஆனால் வாய் என்ன சொல்லியது? “அட, எனக்கெதுக்குங்க அதெல்லாம். வேற யாராச்சும் படிச்சவிங்களாப் பாருங்க.”

எங்கள் பக்கத்தில் இது மறுப்பே இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வேணுங்களா என்பார்கள். இப்பத்தானுங்க குடிச்சேன் என்போம். அரை டம்ளர் என்பார்கள்; இருக்கட்டுங்க என்போம். அட, ஒரு வாய் குடிங்க என்று மூன்றாவது தடவை சொன்ன பிறகு டம்ளரை வாங்கினால்தான் அது மரியாதை. முதல் கேள்விக்கே கையை நீட்டியவளைப் பற்றி ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் பேசுவோம். ஒரு தடவை கேட்டதோடு நிறுத்திக்கொண்ட வீட்டைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேசுவோம்.

அந்தத் திருநெல்வேலிப் பிள்ளை ஒரு தடவை கேட்டதோடு நிறுத்திக்கொண்டது. “சரிக்கா, பரவால்ல” என்று சொல்லி, அப்படியே தலையைத் திருப்பி, “நீங்கக்கா?” என்று பக்கத்தில் கேட்டார்.

“ஆகட்டுங் தம்பி” என்றார் அக்கா.

ஒரே தடவையில். காப்பி டம்ளரைப் பறிக்கிற மாதிரி.

அப்போதும் நான் பயப்படவில்லை. இரண்டாம் தடவை என்னைக் கேட்க அவர் எப்படியும் வருவார் என்று இருந்தேன். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன், நல்ல சேலை உடுத்திக்கொண்டு. புத்தகத்தில் முத்திரை குத்தும்போது சும்மா இருக்காமல், “வேற என்னங்க விசேஷம்?” என்றுகூட எடுத்துக் கொடுத்தேன். “புது அட்டைக்கு ஒரு போட்டோ வேணும்க்கா” என்றார். இப்படியே பன்னிரண்டு நாள். பிறகு அந்தத் தாள்.

பொறாமை என்பதை நான் கதைகளில் நிறையப் படித்திருக்கிறேன். அது நெஞ்சில் எரியும் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அப்படி எரியவில்லை. காதில்தான் வந்தது. யார் எது பேசினாலும் அக்காவைப் பற்றிப் பேசுவதாகக் கேட்டது. பால்காரர் வந்து, “பின்தெரு அம்மா பேசறாங்களாமே, லைப்ரரில” என்றார். அன்றைக்குப் பால் தண்ணீராக இருக்கிறது என்று அவரிடம் சண்டை போட்டேன். பால் எப்போதும் போலத்தான் இருந்தது.

போதாதென்று, புதன்கிழமை அக்காவே வீட்டுக்கு வந்தார், பாசிப்பயறு நிறத்தில் ஒரு துணியோடு.

“சனிக்கிழமைக்குப் போட்டுக்கோணும் அம்மணி. நெம்பப் பேரு வருவாங்களாமா. கொஞ்சம் பதவிசாத் தெச்சுக் குடு.”

அவருடைய அளவு என்னிடம் உண்டு. ஆனாலும் டேப்பை எடுத்தேன், பேசாமல் இருக்க ஒரு வேலை வேண்டுமே. கையைத் தூக்கச் சொல்லி, திரும்பச் சொல்லி, எண்களை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

“என்னத்தப் பேசறதுன்னே தெரியலை. நீதான் நோட்டுல எழுதி வெச்சிருக்கியே. ரெண்டு குடு கண்ணு” என்றார்.

“அது அளவு நோட்டுங்கக்கா. அதுல என்ன இருக்குது, இடுப்பும் தோளும்தான்.”

“என்ன, வெசனமா இருக்கியா?”

“எனக்கென்னங்க வெசனம்.”

துணியை வெட்டும்போது ஒரு நினைப்பு வந்ததை மறைக்க மாட்டேன். ஜாக்கெட் கையை அரை இஞ்சு இறுக்கிப் பிடித்துவிட்டால் போதும். மேடையில் கையைத் தூக்கிப் பேச முடியாது. கத்தரியை அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தேன்கூட. ஆனால் இருபது வருஷமாக ஒழுங்காக வெட்டிய கை, பொறாமைக்காகக் கோணவில்லை. தைத்து முடித்ததும் பார்த்தால், நான் தைத்ததிலேயே அதுதான் அமைப்பாக வந்திருந்தது. அதற்கும் எரிச்சல்பட்டேன்.

சனிக்கிழமை நாற்காலி போதாமல் எங்கள் பெஞ்சையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். மாடியில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில், அகராதி அலமாரியை ஒட்டி இடம் பிடித்தேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், அவர் திணறுவதைப் பார்க்கத்தான்.

அக்கா எழுந்து, மைக்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். எடுத்த எடுப்பிலேயே காந்திபுரம் டவுன் பஸ். என் கண்டக்டர். என் புலி. அதையும் ஒழுங்காகச் சொல்லாமல் புலியைச் சிங்கமாக்கிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெஞ்சில் நான் சொன்னபோது இவ்வளவு சிரித்ததில்லை.

“இது என்ற சரக்கு இல்லைங்க” என்றார் உடனே. “என்ற சிநேகிதி சொன்னது. அதா, கடைசில உக்காந்திருக்குது.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அகராதியில் கையை வைத்துக்கொண்டு, தேடுவதுபோல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வார்த்தை நின்றுபோனது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. “அடுத்தது என்னமோ வருமே அம்மணி, அந்த ஜாக்கெட்டுக்காரம்மா சொன்னது? எடுத்துக் குடு.”

எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பாதிச் சிரிப்பு எனக்கும் வந்திருக்கும். “நெனப்பில்லைங்கக்கா” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் ஜாக்கெட் கையைப் பார்த்தார்.

“இதையத் தெச்சதும் அந்த அம்மணிதானுங்க” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “அளவெடுக்கையில ஒரு வார்த்தை பேசலை. டேப்பை இழுத்த இழுப்புலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எம்மேல கோவமா இருக்குதுன்னு. இன்னைக்குக் கையைத் தூக்க முடியாதுன்னு நெனச்சுட்டுத்தான் போட்டேன். பாருங்க.” வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். “கோவம் கழுத்து வரைக்கும். கை மட்டும் பிசகலை.”

நூலகக் கூரை போய்விடும்போல் சிரிப்பு. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்கு வழி திறந்துவிட்டது. அதற்குப் பிறகு என் சரக்கு ஒன்றுகூட அவருக்குத் தேவைப்படவில்லை. வெள்ளகோவிலில் பக்கத்து வீட்டுக்காரி ஆடு காணோமென்று போலீசுக்குப் போன கதையைச் சொன்னார். என்ன அடையாளம் என்று கேட்டார்களாம். “கறுப்பு ஆடுங்க, பாத்தா ஒரு மாதிரி திமிரா இருக்குமுங்க” என்றாளாம். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூக்கு வழியாக வந்துவிட்டது. நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இந்த ஆட்டை எனக்கு ஒருநாளும் காட்டவில்லையே. நான் பேசிக்கொண்டே இருந்தால் எப்படிக் காட்டுவார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அதை அளவு நோட்டில் எழுதினேன், அவருடைய அளவுக்குப் பக்கத்திலேயே.

பேச்சு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது நூலகர் பேனாவோடு என்னிடம் வந்தார். “அடுத்த சனிக்கிழமை நீங்க பேசுதீங்களாக்கா?”

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் காத்திருந்த கேள்வி. வாய் பழைய தடத்திலேயே ஓடியது. “அட, எனக்கெதுக்குங்க. அக்காவே நல்லாப் பேசறாங்களே.”

“சரிக்கா” என்று பேனாவை மூடினார்.

“தம்பி, பேனாவை மூடாதீங்க” என்று அக்கா பின்னாலிருந்து வந்தார். “இங்க ஒருக்கா கேட்டா அது கேட்டதே இல்லைங்க. இன்னொருக்கா கேளுங்க.”

“அன்னைக்கே வேண்டாம்னுட்டாங்களேக்கா?”

“அன்னைக்குச் சொன்னதும் இதே வேண்டாந்தான்.”

நான் அக்காவைப் பார்த்தேன். “தெரிஞ்சுட்டேதான் சரின்னீங்களாக்கா?”

“பின்னே? நான் வெள்ளகோவில்காரி, எனக்குத் தெரியாதா” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “எனக்கும் பேசோணும்னு ஆசையா இருந்துச்சு அம்மணி. நீ மூணு தடவை மறுத்து முடிக்கற வரைக்கும் பொறுத்தா, என்ற ஆசை என்னாகறது? டக்குனு சொல்லிப்போட்டேன்.”

திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் நூலகர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து, பரீட்சை எழுதுபவர்போல மெதுவாகக் கேட்டார்: “அக்கா, அடுத்த சனிக்கிழமை நீங்க பேசணும்.”

“சரிங்க” என்றேன்.

“ரெண்டுலயே வுழுந்துட்டியே” என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே போய்விட்டேன், புது நேரம் அல்லவா. பலகையில் புதுத் தாள் இருந்தது. இந்தச் சனிக்கிழமை என் பெயர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமைக்கு மறுபடியும் அக்காவின் பெயர். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘வாசகர்கள் விருப்பப்படி’ என்று இருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளையும் நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. நேராக மேசைக்குப் போனேன். “ஏனுங் தம்பி, அந்த ‘வாசகர்கள் விருப்பப்படி’ங்கறதை எம்பேருக்குப் பக்கத்துலயும் போட்டுருங்க.”

அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க இன்னும் பேசவே இல்லையேக்கா” என்றார்.