அறுபது டிகிரியில் தள்ளிய வேன்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் வேன் ஒன்றைத் தள்ளினேன். தள்ளினேன் என்று நான் சொல்கிறேன்... டிரைவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

மாப்பிள்ளை நடராஜ் எங்கள் பாலிடெக்னிக்கில் ஒர்க் ஷாப் பார்த்துக்கொள்கிறவர். நான் அதே இடத்தில் பதினைந்து வருடமாக பிசிக்ஸ் நடத்துகிறவன். கல்யாணம் சரவணம்பட்டியில். நடராஜின் அக்கா மரகதம் வாழ்க்கைப்பட்டது கருமத்தம்பட்டியில். புருஷன் பொன்னுச்சாமி பவர்லூம் வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் வந்து நிற்க வேண்டும். அவள் வராவிட்டால் பெரியப்பா மகளை நிறுத்திச் சடங்கை முடித்துவிடலாம். ஆனால் சொந்த அக்கா பத்து மைல் தூரத்தில் இருக்கும்போது இன்னொருத்தி நின்றால்? அந்த உறவு அன்றோடு அறுந்தது என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும்.

அப்படி நடந்துவிடும் போலத்தான் இருந்தது. பொன்னுச்சாமியை ஒரு வார்த்தை கேட்காமல் நிச்சயம் செய்துவிட்டார்கள். மனிதர் ஒரு மாதமாக முகம் கொடுக்கவில்லை.

"நானே போயி, தப்புத்தானுங்கன்னு சொல்லிப்போடட்டுங்களா சார்?" என்று நடராஜ் அப்போதே என்னிடம் கேட்டார்.

"அவசரப்படாதீங்க. நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்" என்றேன். வாத்தியார் அல்லவா? பக்குவம் எனக்குத்தான் தெரியும்!

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கருமத்தம்பட்டிக்குப் போய் இரண்டு மணி நேரம் பக்குவமாகப் பேசினேன். மழையைப் பற்றி, நூல் விலையைப் பற்றி, ஊர் என்ன பேசும் என்பதைப் பற்றி... நடராஜ் செய்தது தப்பு என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவே இல்லை. கடைசியில் பொன்னுச்சாமி, "நீங்க இத்தன தூரம் வந்துட்டீங்க. அவள மண்டபத்து வாசல்ல கொண்டாந்து உடறனுங்க. நான் உள்ள கால் வெக்க மாட்டேன்" என்றார்.

மரகதம் உள்ளேயிருந்து ஒன்று சொன்னார். "நீங்க வாசல்ல நின்னா, நான் மட்டும் எப்படீங்க உள்ள போறது?"

பொன்னுச்சாமி பாயை விரித்துப் படுத்துவிட்டார். நானும் அங்கேயே படுத்து, காலையில் அவர்களோடு வேனில் கிளம்பினேன். எட்டு மணிக்கு இணைச்சீர். அவினாசி ரோட்டில் லாரி ஒன்று குறுக்கே கிடந்ததால், டிரைவர் ஒரு மண் தடத்தில் திருப்பினார். ராத்திரி பெய்த மழையில் கரிசல் மண் களியாகக் கிடந்தது. பின் சக்கரம் இரண்டும் பாதி புதைந்துவிட்டன.

மணி ஏழு. மரகதத்தை உள்ளே உட்காரவைத்துவிட்டு ஆண்கள் இறங்கினோம். கூட வந்த உறவுக்காரர்கள் இரண்டு பேர் வேனுக்குப் பின்னால் நின்று தள்ளினார்கள். பொன்னுச்சாமி பக்கவாட்டில் நின்று, ஜன்னலுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான்? அன்றைக்கென்று எட்டு முழ வெள்ளை வேட்டி. ஓரத்தில் சேறில்லாத கல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் மேல் நின்றபடி வேனின் பின் மூலையைச் சாய்வாகத் தள்ளினேன்.

"சார், நேரா நின்னு தள்ளுங்க சார்!" என்று டிரைவர் கத்தினார்.

யாரிடம் சொல்கிறார்? நான் வருடா வருடம் போர்டில் எழுதுகிற கணக்கு அது. விசையை, நகர்ந்த தூரத்தால் பெருக்கு. விசைக்கும் நகரும் திசைக்கும் நடுவே உள்ள கோணத்தின் காஸ் மதிப்பால் மறுபடி பெருக்கு. வருவதுதான் வேலை. நூறு நியூட்டன் விசையில் பத்து மீட்டர் நேராகத் தள்ளினால் ஆயிரம் ஜூல். அதே நூறை அறுபது டிகிரி சாய்வாகக் கொடுத்தால் பாதிதான், ஐந்நூறு. தொண்ணூறு டிகிரியில் பக்கவாட்டில் நின்று அழுத்தினால்? வேர்வை வரும். வேலை சைபர்.

பொன்னுச்சாமி தொண்ணூறு. நான் அறுபது. வேன் நகரவே இல்லை என்பதால் அந்த நிமிடம் எங்கள் எல்லோருக்குமே சைபர்தான். அதில் எனக்கு ஓர் அல்ப ஆறுதல்.

மணி ஏழேகால். மரகதம் வேனிலிருந்து இறங்கினார். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கெண்டைக்கால் புதையச் சேற்றில் நடந்து, நேர் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்.

"ஏனுங்க, அங்க நின்னு வேனுக்கு முட்டுக் குடுக்கறீங்களா? உங்களுக்கு வர மனசில்லீன்னா அங்கியே நில்லுங்க. என்ற தம்பிக்கு நாந்தான் நிக்கோணும். வேற ஒருத்தி நிக்கறத நான் பாக்க மாட்டேன்."

குரல் உடைந்திருந்தது. பொன்னுச்சாமி பக்கவாட்டை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். மனைவிக்குப் பக்கத்தில் குனிந்து தோளைக் கொடுத்தார். வேன் ஒரு முறை ஆடியது, இரண்டாவது தடவை துள்ளி ஏறிவிட்டது. பொன்னுச்சாமி முழங்கால் புதையச் சேற்றில் விழுந்து எழுந்தார்.

மண்டபத்தில் பெரியப்பா மகளைத் தயாராக நிற்க வைத்திருந்தார்கள். வேன் சத்தம் கேட்டு நடராஜ் மாலையும் கழுத்துமாக வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். சேற்றோடு நிற்கிற இரண்டு பேரையும் பார்த்தார். என் பக்குவமெல்லாம் காற்றில் போயிற்று.

"மச்சான், உங்களக் கேக்காம செஞ்சுபோட்டேன். எந் தப்புத்தானுங்க."

ஒரே வரி! ஒரு மாதமாக நான் சொல்லவிடாமல் வைத்திருந்த வரி.

பொன்னுச்சாமி குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். "வேற வேட்டி ஒண்ணு குடுங்க. இதோட எப்படி உள்ள வாரது?"

மரகதம் சேலையை மாற்றவில்லை, நேரமில்லை. கரையில் கரிசல் அப்பியபடியே தம்பி பக்கத்தில் போய் நின்றார். அவ்வளவு அழகான இணைச்சீரை நான் பார்த்ததில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். வீட்டிலும் ஆபீசிலும் நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! ராத்தூக்கம் கெட்டு, ஆள் மேல் ஆள் அனுப்பி... எல்லாம் சாய்வாக. நேராகப் போனால் நம் மேல் கொஞ்சம் சேறு படும் என்கிற பயம்தானே?

பந்தியில், வீட்டிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்திருந்த என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாருமாத்தான் வேனைத் தள்ளுனீங்களாமா? உங்க வேட்டியில மட்டும் ஒரு பொட்டு சேறு இல்லீங்களே?"