ஞாயிற்றுக்கிழமைக் கிள்ளல்

போன வாரம் செம்பூரில் பேரன் போகிற ஜிம்மை எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு மெஷின். வெறுங்காலோடு ஏறிக் கைப்பிடியைப் பிடித்தால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று சீட்டைத் துப்புகிறது. எனக்கும் துப்பியது, சொல்லமாட்டேன். பக்கத்தில் ஒருவர் முழங்காலில் வலித்தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடையில் சுடலைமுத்து அண்ணாச்சியின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

அறுபதுகளில் எனக்குப் பம்பாயில் டிராம்பே பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. தாராவியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. கலகலப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கொரு ஷிப்ட், நான் வரும்போது சிலர் கிளம்பியிருப்பார்கள், மற்றவர்கள் குறட்டை விடுவார்கள். நாள் கணக்கில் என் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தத் தனிமை தாங்காமல்தான் ஊர்க்காரர்களின் கபடி டீமில் சேர்ந்தேன். மற்றபடி கபடிக்கும் எனக்கும் ரொம்ப தூரம்.

அண்ணாச்சிதான் கோச். எலும்பு கனமா கொழுப்பு கனமா என்று எடை மெஷினுக்குத் தெரியாது என்பார். ஞாயிறு காலை மாதுங்கா மைதானத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, தோள்பட்டைக்குக் கீழே, கையின் பின்புறம், தொப்புளுக்குப் பக்கம் என்று வலித்தைலம் மணக்கும் இரண்டு விரலால் சதையைக் கிள்ளி இழுத்துப் பார்ப்பார். ஒட்டிய உடம்பென்றால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். மடிப்பு தடிமனாக வந்தால் விடமாட்டார்.

"ஏலே, ராத்திரி என்னலே தின்ன?"

"மெஸ்ஸுல சோறு, அண்ணாச்சி."

"நெய்ய ஊத்திருப்பான். ஒழுங்கா ஒறங்குதியா? ஊருக்குக் கடுதாசி போட்டியா?"

அந்த வாரத்தில் என்னை யாராவது விசாரித்தது என்றால் அது ஒன்றுதான். அதனால் சனிக்கிழமைதோறும் மெஸ்ஸில் நெய்யைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். டீமில் நீடிக்க இளைக்க வேண்டும்; அண்ணாச்சி பேச வேண்டுமானால் பெருக்க வேண்டும். நான் பெருத்தேன்.

போட்டி நெருங்கியபோது ஓர் இளம் டாக்டர் ஆராய்ச்சிக்கென்று வந்தார். கையில் கடிகாரம் மாதிரி முள் வைத்த எஃகுக் கிடுக்கி. அதே இடங்களில் கவ்வி, அளவு சொன்னார். ஜில்லென்றிருந்தது.

"வெரல் தப்பாச் சொல்லும். இது சொல்லாதுல்லா!" அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம்.

அன்றைக்கே என்னை டீமிலிருந்து நிறுத்திவிட்டார்.

"கொறைச்சிட்டு வாலே, பாப்போம்."

டீமும் போனால் எனக்கு வேறு போக்கிடம் ஏது? நெய்யை விட்டேன், விடிகாலையில் ஓடினேன், இளைத்தேன். திரும்பிப் போனபோது கிடுக்கி கவ்வியது. டாக்டர் "சரி" என்றார். அண்ணாச்சி தலையாட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அந்த வருஷம் முழுக்க ஆடினேன், ஜெயிக்கவும் செய்தோம். பிறகு அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார், டீமும் கலைந்தது. ராத்திரி என்ன தின்றாய் என்று கேட்கத்தான் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குப் பம்பாயில் எனக்கு யாரும் இல்லை.