புஜைராவிலிருந்து ஒரு சின்ன விமானம்

தோஹாவில் நஜ்மா பக்கம் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடை வாசலில், நேற்று ஒருவர் ஊருக்குப் போகும் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் பையோடு ஒரு புதுக் கம்பளி. புதுக் கம்பளிக்கென்று ஒரு வாசனை உண்டு. வளைகுடாவில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்களுக்கு அது தெரியும். வெயில் மண்டையைப் பிளக்கும் நம் ஊர்களுக்கு, ஏதோ பனிமலையில் குடித்தனம் நடத்துவதுபோல ஆளுக்கொரு கம்பளி தூக்கிக்கொண்டு போவோம். நான் கொண்டுபோன இரண்டும் பீரோவுக்கு மேலே பிரிக்காமலே கிடக்கின்றன. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் சண்டை வரும்.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ராஜேந்திரன் ஞாபகம் வந்துவிட்டது. வாங்கப் போன கறிவேப்பிலையை வாங்காமலே திரும்பினேன்.

அப்போது நான் அபுதாபியில், முசஃபாவில் ஒரு கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் ஆபீஸில் கிளார்க். ராஜேந்திரன் அங்கே வெல்டர், அரியலூர்ப் பக்கம். அதிகம் பேசாத மனிதர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கேம்ப் சுவரோரம் குந்தி உட்கார்ந்து மனைவி கலைச்செல்வியோடு போனில் மணிக்கணக்காகப் பேசுவார். ஒருநாள் சைட்டில் மயங்கி விழுந்தார். தலைக்குள் கட்டி, முற்றிவிட்டது, இனி ஆபரேஷனுக்கும் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு நின்றுபோயிற்று. சில சமயம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

கலைச்செல்வி எனக்குப் போன் செய்தார். விழுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இருவருக்கும் சண்டையாம். போதும் வந்துவிடுங்கள் என்று அவர் சொல்ல, இன்னும் ஒரு காண்ட்ராக்ட் என்று இவர் சொல்ல, வாய் முற்றிவிட்டது.

"கோவமா வெச்சுட்டாருண்ணே. அதோட சரி. ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கண்ணே, எனக்கு அது போதும்."

போனை ராஜேந்திரன் காதில் வைத்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் கலைச்செல்வி "இருக்கீங்களா, இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் போனைத் திருப்பி எடுத்தேன்.

பேச்சு வந்தாலும் வரலாம்; வரும்போது அவர் கலைச்செல்வி பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். ஆனால் படுத்த நோயாளியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது லேசான காரியமில்லை. சீட்டுகளைக் கழற்றி இடம் பண்ண வேண்டும், அதற்கு டாக்டர் கையெழுத்து, அனுமதி என்று இழுத்தடித்தது. அப்போதுதான் கேம்ப்புக்கு வந்துபோகும் சமூக சேவைக்காரர் ஒருவர் ஒரு விமானக் கேப்டனைப் பற்றிச் சொன்னார். சம்பளத்துக்குப் பெரிய விமானம் ஓட்டிவிட்டு, லீவு நாளில் புண்ணியத்துக்குச் சின்ன விமானம் ஓட்டுகிறவர். யாரோ இரவல் கொடுத்த, இரண்டு விசிறி வைத்த பழைய விமானம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நான் அதற்குமுன் நம்பியதில்லை.

கேப்டன் நாக்பூர்க்காரர். போனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வஜன் போலோ பாய், சப் கா வஜன்." எல்லாருடைய எடையும் வேண்டும். நோயாளி, நர்ஸ், துணைக்குப் போகும் நான், ஒரு சின்னப் பை. எனக்கு லீவு தோதாக அமைந்திருந்தது, கம்பெனியும் சரியென்றுவிட்டது. ராஜேந்திரன் ரூமில் உள்ளவர்களுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரப் பெண், அவரும் தன் லீவு நாளைத்தான் கொடுத்தார். என் எடையைச் சொன்னதும் கேப்டன் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "அச்சா" என்றார் கடைசியில். அதில் கொஞ்சம் வருத்தம் இருந்ததாக எனக்குப் பட்டது.

விடியும் முன்பே ஆம்புலன்ஸில், அமீரகத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் புஜைரா விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் மொட்டை மலை, ஒரு பக்கம் கடல். வெயில் ஏறும் முன் கிளம்பினால் நல்லது என்று கேப்டன் முதலிலேயே சொல்லியிருந்தார். ஸ்ட்ரெச்சரோடு தராசில் ஏற்றினார்கள். கேப்டன் முள்ளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ராஜேந்திரனைப் பார்த்தார். எலும்பும் தோலுமான மனிதர், இந்தக் கனம் எங்கிருந்து வரும்?

போர்வையை விலக்கினால் உள்ளே ஒரு கடையே இருந்தது. தலைக்குக் கீழே தலையணை இல்லை, உறைக்குள் பால்பவுடர் டின்கள். காலுக்கு இருபுறமும் பேரீச்சம்பழம், டைகர் பாம் தைலம், வாசனைச் சோப்பு, ஒரு சுவர்க் கடிகாரம். அவருக்கு அடியில், மெத்தை என்று நாங்கள் நினைத்தது, இரட்டைக் கம்பளி. ரூம்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்த வேலை. வழியனுப்பக் கூட வந்திருந்த ரூம்காரர் தனபால், ராஜேந்திரனுக்கு ஒரே ஊர், தலையைக் குனிந்துகொண்டார்.

"வெறுங்கையோட எப்டிண்ணே அனுப்புறது? மூணு வருசம் கழிச்சுப் போறாரு. புள்ளைங்க அப்பா என்ன கொண்டாந்தாருன்னு பாக்காதா?"

நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் சுங்க அதிகாரிக்கு இந்த நியாயம் தெரியாது. எழுதிக் கொடுக்காத சாமான் என்று ஒவ்வொன்றையும் பிரித்து, இயந்திரத்தில் விட்டு, மறுபடி பார்த்தார். டின்னைத் திறந்து பால்பவுடரைக் கிளறினார்கள். கடிகாரத்தின் முதுகைக் கழற்றினார்கள். அதற்குள் மலைக்கு மேலே சூரியன் ஏறி, தார்த்தளம் நெளிய ஆரம்பித்தது.

சாமான் முழுவதும் இறங்கியபிறகு, இனி கிளம்ப வேண்டியதுதான் என்று பையைத் தோளில் மாட்டினேன். கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சூடு ஏறினால் காற்று மெலிந்துவிடுமாம், விமானத்துக்குத் தூக்கும் தெம்பு குறையுமாம். ஓடுதளம் முடிவதற்குள் எழும்பியாக வேண்டும். எண்ணெயைக் குறைத்தால் கடலைத் தாண்ட முடியாது. ஓர் ஆள் குறைய வேண்டும்.

"சாயங்காலம் வரை இருந்தால்?" என்று கேட்டேன். கேப்டன் நர்ஸைப் பார்த்தார். அவர் ராஜேந்திரனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதுவரை தாங்காது என்று தலையை அசைத்தார். நர்ஸை இறக்க முடியாது; மிச்சம் நான்தான். நானும் தனபாலும் வெயிலில் நின்று, விமானம் கடல் பக்கம் ஒரு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். வாழ்நாளெல்லாம் ஆசையாகத் தின்ற பரோட்டாவை அன்றைக்கு நான் சபித்தேன்.

அகமதாபாத்தில் எண்ணெய் போட்டுக்கொண்டு திருச்சி போய்ச் சேர்ந்ததும் கேப்டன் போன் செய்தார். உயிரோடு சேர்த்துவிட்டார், மனைவி வந்திருந்தார். நான் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் குறுக்கிட்டார்.

"பஹுத் பாத் கியா, பாய். கடல் முழுக்கப் பேசினார்."

என்ன சொன்னார் என்று அவசரமாகக் கேட்டேன். "க்யா போலா?"

"உங்கள் பாஷை. எனக்கு என்ன தெரியும்? அச்சா, அச்சா என்றேன். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு யெஸ், யெஸ் என்றாள். பிறகு கரை தெரிந்தது, நிறுத்திவிட்டார்."

திருச்சியில் இறக்கியபோது கண் திறந்திருந்தது. கலைச்செல்வியைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கலைச்செல்வி கூப்பிட்டார். "வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தாருன்னு நர்ஸம்மா சைகையில சொன்னாங்கண்ணே. என்ன சொன்னாரு? கோவமாவே இருந்தாரா?"

நான் கேப்டனை மறுபடி பிடித்தேன். வார்த்தை வேண்டாம், குரல் எப்படி இருந்தது, கோபமா, அழுகையா, சிரித்தாரா, அதையாவது சொல்லுங்கள் என்றேன். எஞ்சின் சத்தம், காதில் ஹெட்செட், தெரியவில்லை என்றார். பேச்சைப் பதிந்துவைக்கும் கறுப்புப்பெட்டி ஏதாவது உண்டா என்றுகூடக் கேட்டேன். அந்தச் சின்ன விமானத்தில் கிடையாதாம். "மாஃப் கரோ, பாய்" என்றார், அவர் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல.

முசஃபாவில் அந்தக் கேம்ப் இப்போது இல்லை, இடித்துவிட்டுக் குடோன் கட்டியிருக்கிறார்கள். தனபால் சவூதிக்குப் போனவர், தொடர்பு விட்டுப்போயிற்று. லீவு நாளில் பறந்த அந்த விமானத்தைக் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. கேப்டனின் நம்பர் சில வருஷங்களாகவே உபயோகத்தில் இல்லை.

கேப்டனின் நம்பர் போய்விட்டதைக் கலைச்செல்வியிடம் நான் சொல்லவில்லை. பொங்கலுக்கு வருஷம் தவறாமல் கூப்பிடுவார். பிள்ளைகள் படிப்பு, மழை என்று எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கும்போது சொல்வார்.

"அந்தக் கேப்டனுக்கு ஏதாச்சும் ஞாபகம் வந்தா கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"சரிம்மா, கேக்குறேன்" என்கிறேன்.