பதினெட்டு ராத்தல் கெண்டை

மீன் பிடிக்கத் தெரியாதவர்கள் மீன் பிடிக்காமல் இருந்துவிட்டுப் போகலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. தெரியாமல் பிடிக்கப் போவதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் தூண்டில் போடப் போன நாளையும், அன்றைக்குக் காற்றடித்த திசையையும், தண்ணீரின் நிறத்தையும் எழுதி வைக்க ஒரு புஸ்தகம் போட்டாரே ஒரு மனுஷர், அவருக்குத்தான் என் அப்பா என்னைக் கட்டிக் கொடுத்தார்.

கலெக்டர் கச்சேரியில் அவர் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அவருடைய துரைக்கு ஆற்றில் மீன் பிடிக்கிற பைத்தியம். பிடித்துவிட்டு வந்து ஒரு காகிதத்தில் கிறுக்கிக் கொடுப்பாராம். இவர் அதைத் தோல் அட்டை போட்ட புஸ்தகத்தில் நகல் எடுக்க வேண்டும். இடம், காற்று, தண்ணீர், இரை, மீன், நிறை என்று கட்டம் கட்டமாகப் போகும். துரை சீமைக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய தூண்டில் கம்பையும் ராத்தல் கணக்கில் எடை காட்டுகிற, கொக்கி வைத்த ஒரு தராசையும் இவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். போகிறவர் சும்மா போயிருக்கக் கூடாதா? எனக்குப் பிடித்தது சனி.

அந்தச் சனியும் வாராவாரம் சனிக்கிழமைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போக வேண்டும், ஓய்வுநாளில் தூண்டில் தொட்டால் சபை ஐயருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் கச்சேரி விட்டதும் கோட்டும் தலைப்பாகையுமாகக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கொக்கிரகுளத்துப் பாலத்துக்குக் கீழே ஒரு வாரம், சீவலப்பேரிக்கு மாட்டு வண்டி வைத்துக்கொண்டு ஒரு வாரம். இந்த மகராசருக்கு மண்புழுவைக் கண்டால் ஆகாது. கிணற்றடி வாழைமூட்டில் நான் மண்ணைக் கிளறினால், புழு நெளிவதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே வர மாட்டார். கால் இல்லாத ஜந்துவைக் கண்டால் அவருக்கு உடம்பு கூசுமாம். சோற்றுப் பருக்கையை உருட்டி முள்ளில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இவர் தனக்கென்று போட்ட புஸ்தகத்தில் மட்டும் 'இரை: மண்புழு' என்று இருக்கும், ஏனென்றால் துரை அப்படித்தான் எழுதுவார்.

மீன் கிடைக்காத வாரத்தில் 'காற்று: கீழ்க்காற்று, பாதகம். தண்ணீர்: கலங்கல், பாதகம்' என்று எழுதுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. வாராவாரம் மீன் வர ஆரம்பித்தது. முதல் வாரம் வந்த மீனைக் கையில் வாங்கியதுமே எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கம். கூடையில் தலைச்சுமையாக வரும் கடல் மீனைத் தின்று வளர்ந்தவளிடம், கடைத்தெருவில் வாங்கிய விளைமீனைக் கொண்டுவந்து கொடுத்து, "சீவலப்பேரி ஆத்துல பிடிச்சேன்" என்கிறார். அட கோட்டிக்கார மனுஷா, பொய் சொல்லுவதற்காவது ஆற்று மீனாகப் பார்த்து வாங்கக் கூடாதா? அடுப்படிக்குப் போய்ச் சிரித்துக்கொண்டேன். புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். மீன் நல்ல மீன்தான்.

குழம்பு வைக்குமுன் அதைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். தராசு ஒன்று சொல்லும், புஸ்தகம் அதைப்போல மூன்று மடங்கு சொல்லும். சாயங்காலம் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு வாத்தியாருக்கும் எங்கள் வீட்டின் சொந்தக்காரர் அண்ணாச்சிக்கும் வாசித்துக் காட்டுவார். அண்ணாச்சி அரிசி வியாபாரி. முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் நாங்கள். இவர் வாசிக்கிற தோரணையைப் பார்த்தால் கோயிலில் வாசிக்கிற சங்கீதப் புஸ்தகம் தோற்றது.

அந்தப் பின்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நாங்கள் இருந்த வீட்டில் கிணறு உப்பு, கொசு, சாக்கடை. அந்த வீட்டில்தான் என் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தேன். அடுத்ததையும் அங்கேதான். இந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கற்கண்டு. அண்ணாச்சியின் மனைவியை நான் மயினி என்று கூப்பிடுவேன். வேதம் வேறானாலும் கூடப் பிறந்தவளைப்போல என்னைப் பார்த்துக்கொண்டாள். மறுபடியும் நான் உண்டாகியிருந்தேன். குடத்தைத் தூக்கவிட மாட்டாள். "இந்த வீட்டுல உனக்குப் பிள்ள நிக்கும் பாரு தங்கச்சி" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். இந்த வீட்டை விட்டுப் போவதாகக் கனவு கண்டால்கூட விழித்துக்கொள்வேன்.

அப்படியிருக்கும்போதுதான் எதிர்வீட்டு வாத்தியார் வாயைக் கிளறினார். "என்னவே, உம்ம புஸ்தகத்து மீனெல்லாம் சீவலப்பேரியில கெடக்கிற மீன் மாதிரித் தெரியலியே. அம்புட்டுப் பெரிய மீன் பாபநாசத்துலதான் கெடக்கும்" என்று கேலிக்குச் சொன்னார். இவருக்குப் பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை, பாபநாசம் போக அம்பாசமுத்திரத்துக்கு ரயில் ஏறப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டார், அம்பாசமுத்திரம் என்ன கூப்பிடு தூரத்திலா இருக்கிறது? மீனும் இல்லை. "இனத்தாருக்குக் கொடுத்துட்டேன்" என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் வாசிக்கிறார்: "இடம்: பாபநாசம் படித்துறை. காற்று: மேல்காற்று. தண்ணீர்: தெளிவு. இரை: மண்புழு. மீன்: கெண்டை. நிறை: பதினெட்டு ராத்தல்."

பாபநாசத்தில் மீன் பெரிதாக இருக்கும் என்பது இவருக்குத் தெரியும். ஏன் பெரிதாக இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? சுவாமி மீன் என்று அங்கே ஒருவரும் கை வைக்க மாட்டார்கள், அதனால்தான் வளர்ந்து கிடக்கிறது. வேதக்காரர் வீட்டில் பிறந்து, அந்தப் படித்துறையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். முகம் கறுத்துப்போயிற்று.

"படித்துறையிலயா பிடிச்சீரு?"

"ஆமா அண்ணாச்சி."

"நானும் மீன் திங்கிறவன்தான்வே. ஆனா அங்கன கெடக்கது மீன் இல்ல. ஆடி அமாவாசைக்கு எங்க அப்பாவுக்கு எள்ளுந்தண்ணியும் எறைச்சிட்டுப் பொரி போட்டா, என் கைக்குள்ள வந்து திங்கும். எங்க அப்பாவே வந்து திங்கிற மாதிரி இருக்கும். அதை முள்ளுல மாட்டி இழுத்தேன்னு என் வீட்டு வாசல்ல உக்காந்தே படிக்கீரே! இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணிரும். புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்காளேன்னுதான் மாசக் கடைசி வரைக்கும் விடுதேன்."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். உள்ளே வந்தவரிடம், "போயி, அது பொய்யின்னு சொல்லிட்டு வாங்க" என்றேன்.

"ஏட்டி, நாலு பேருக்கு முன்னால என்னைப் பொய்யன்னு சொல்லச் சொல்லுதியா?"

"பாவின்னு சொன்னாப் பரவாயில்லையாக்கும்?"

"பதினெட்டு ராத்தல் பிடிச்சவன்னு ஒரு பேராவது நிக்கும்லா."

கேட்டீர்களா! பெண்டாட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவில் நின்றாலும் பரவாயில்லை, பிடிக்காத மீனின் பேர் நிற்க வேண்டும். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுகையும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன். நேரே கிணற்றடிக்குப் போனேன். வாழைமூட்டில் கையை விட்டு, கொழுத்த மண்புழு ஒன்றை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தேன். "எங்கட்டி போற?" என்று பதறிக்கொண்டு இவரும் பின்னாலேயே வந்தார்.

அண்ணாச்சி, மயினி, வாத்தியார் எல்லோரும் வாசலில்தான் நின்றார்கள். "அண்ணாச்சி, இவரு அந்த மீன எதை மாட்டிப் பிடிச்சாருன்னு புஸ்தகத்துல படிச்சாரு?" என்று கேட்டேன்.

"மண்புழுன்னாரு."

"இந்தாங்க," என்று இவர் பக்கம் திரும்பி, புழுவை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "மாட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

'ஐயோ' என்று ஒரு கூப்பாடு போட்டார் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கையை உதறினார், நாற்காலியில் இடித்தார், தலைப்பாகை கீழே விழுந்தது. புழு போன இடம் தெரியவில்லை. "கோட்டுக்குள்ள போயிட்டு, கோட்டுக்குள்ள போயிட்டு" என்று சுற்றிச் சுற்றிக் குதிக்கிறார். வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் தாங்கவில்லை.

"இந்த மனுஷனாவே பதினெட்டு ராத்தல் மீன் பிடிச்சாரு? போ தங்கச்சி, போயிப் படு. வீட்டப் பத்தி இனிப் பேச்சில்ல" என்றார்.

வீடு தங்கியது. இவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாடு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். தூண்டில் கம்பு பரணுக்குப் போயிற்று, புஸ்தகம் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. வாசலில் நாற்காலி போடுவதும் இல்லை. கச்சேரியில் யாரோ மண்புழு என்று கூப்பிட்டார்களாம். அதற்கு நான் என்ன செய்வேன்? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். இவர் கெட்டிக்காரரும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது பிள்ளை பிறந்தது. பெண். சொன்ன நாளுக்கு முந்தியே வந்துவிட்டது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. மருத்துவச்சி முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மயினிதான் பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து வைத்தாள். இவர் உள்ளே வந்தார். துரையின் தராசை எடுத்து, துணியில் ஏணை கட்டி, பிள்ளையைப் பைய அதில் தொங்கவிட்டார். முள் நாலு ராத்தலைத் தாண்டவில்லை. அதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிள்ளையை என் பக்கத்தில் கிடத்திவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாசலில் நாற்காலி இழுபடுகிற சத்தம். வெகு நாளைக்கப்புறம் அந்தக் குரல், பழைய தோரணையில், ஆனால் கொஞ்சம் கம்மிப்போய்க் கேட்டது: "இடம்: அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டு. காற்று: வாடை. தண்ணீர்: நல்ல தண்ணீர். பெண் குழந்தை. நிறை: ஒன்பது ராத்தல்."

அப்புறம் அண்ணாச்சி உள்பக்கமாகக் குரல் கொடுத்தார்: "தங்கச்சி, ஒம்பதுங்காரு. நெசந்தானா?"

பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல அண்ணாச்சி," என்றேன் படுத்தபடியே. "அவரு அரை ராத்தல் கொறச்சுல்லா எழுதியிருக்காரு."