ரவுட்டருக்கு ஒரு சட்டை

வெளிநாட்டில் குழந்தைத் துணிக்கடைகள் வைத்திருந்த அந்தப் பெண்மணி, வியாழக்கிழமை மூன்று மணிக்கு லேப்டாப்பில் முகம் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். நான் தைத்த சாம்பிளை கேமராவில் பார்ப்பார். பிடித்தால் ஆர்டர், இல்லாவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். ஒன்பது வருடம் யார் யாருடைய கம்பெனிக்கோ ஆர்டர் பிடித்துக் கொடுத்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் சொந்தமாக நாலு மெஷின் போட்ட பிறகு வரப்போகிற முதல் ஆர்டர். காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. பயத்தில் இல்லை, குஷியில்.

ஆனால் அந்த வாரம் முழுக்க இன்டர்நெட் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ரவுட்டர் கீழே ஹாலில், லேப்டாப் மாடியில் கட்டிங் டேபிள்மேல். ஆஃப் செய்து ஆன் செய்தால் பத்து நிமிடம் அருமையாக ஓடும், பிறகு படுத்துவிடும். பாஸ்வேர்டை மாற்றினேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கஸ்டமர் கேர்காரர்களைத் திட்டாத நாளில்லை. எல்லாம் அவர்கள் லைன் கோளாறு என்று சத்தியம் செய்யாத குறை.

வியாழன் இரண்டரைக்கு மறுபடியும் போனது. நான் கீழே போனும் கையுமாக நின்றேன். வீட்டுக்காரர் மாடியில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு அம்மிணி... அட, போயிருச்சு!"

போனில் இருந்த கஸ்டமர் கேர்காரர் பொறுமைசாலி. "ரவுட்டர் சூடா இருக்கா, தொட்டுப் பாருங்க மேடம்" என்றார். தொட்டேன். அப்போதுதான் அயர்ன் செய்த பனியன் மாதிரி கொதித்தது.

"மேல ஏதாச்சும் மூடி வெச்சிருக்கீங்களா?"

"மூடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று வெடுக்கென்று சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. பனியன் கழுத்துக்கு வைக்கிற சந்தன நிற ரிப் துணியில், இறுக்கமாக, லைட் தெரிய முன்பக்கம் ஒரு ஜன்னல் வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து நானே மாட்டிய சட்டை! பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் தெருவில் எந்நேரமும் பஞ்சு பறக்கும். அதனால் மிக்ஸி, டிவி என்று எது வந்தாலும் கட்டிங் வேஸ்டில் உறை தைத்துப் போட்டுவிடுவேன். போட்ட மறுநாளே அது உறை என்பது மறந்துபோகும். காற்றுப் போகிற ஓட்டை அத்தனையையும் நானே அடைத்துவிட்டு ஊரார் மேல் பழி போட்டிருக்கிறேன்.

"அண்ணா, ஒரு உறை இருக்குதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குக் கோடிப் புண்ணியம். உறையைக் கழற்றி, ஆஃப் செய்து, ஃபேன் முன்னால் பத்து நிமிடம் ஆறவைக்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் நான் உட்காரவே இல்லை.

மூன்று மணிக்கு மாடியில் அந்தப் பெண்மணி திரையில் வந்துவிட்டார்! தையலை உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். குழந்தையின் தலை நுழைய வேண்டிய கழுத்தை இரண்டு கையாலும் இழுத்து விட்டேன். அளவு மாறாமல் பழையபடி சுருங்கி நின்றது. கால் மணி நேரம் தாண்டியும் லைன் அறுந்துபோகவில்லை. தைக்க ஆரம்பிக்கலாம் என்றார். ஆர்டரில் யார் பெயரைப் போடட்டும் என்றும் கேட்டார்.

முதலாளிகள் பெயரைக் கடகடவென்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. என் பெயர் என்றதும் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் தோளில் இடித்தார். "சொல்லு அம்மிணி, லைன் போயிறப் போகுது!"

சொன்னேன். ஸ்பெல்லிங் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் கத்திச் சொன்னேன், தெருவுக்கே கேட்டிருக்கும்.