ஆயாசத்துக்கு இரண்டு அர்த்தம்

ஹைதராபாத்துக்கு வந்த புதிதில், வீட்டு வேலைக்கு வர முடியுமா என்று பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவரைக் கேட்டேன். "அவசரம் லேதம்மா" என்றார். அவசரமில்லை, மெதுவாக வருவார் என்று எடுத்துக்கொண்டு, பாத்திரங்களை நானே தேய்த்தபடி ஒரு வாரம் காத்திருந்தேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தனக்கு அந்த வேலை தேவையில்லை என்று அவர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். தெரியாத சொற்களைவிடத் தெரிந்தது போலிருக்கும் சொற்கள்தான் இங்கே நம்மை ஏமாற்றும். பிழைக்க வந்த எல்லாரிடமும் இப்படி ஒன்றிரண்டு கதைகள் இருக்கும், சொல்லிச் சிரிப்போம். என்னிடம் சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருக்கிறது.

கணவருக்குப் பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. வீடு செகந்திராபாத்தில். நான் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வெல்னெஸ் கோச்சாக இருந்தேன். என்ன சாப்பிடுவது, எப்படி உட்காருவது, எப்போது தூங்குவது என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் அதைச் செய்கிறார்களா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. திண்டுக்கல்லில் என் சித்திக்கு இதைக் கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை. "சோத்தைக் குறைன்னு சொல்றதுக்காடி சம்பளம் தர்றாங்க?" என்பார். அங்கே ஒருவரிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டால், முந்தாநாள் சாப்பிட்டதிலிருந்து தொடங்கிவிடுவார்கள். இங்கே என் எதிரே வந்து உட்காரும் இளைஞர்கள் "லைட் தீஸ்கோண்டி மேடம்" என்று எழுந்துவிடுவார்கள். பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம்.

ரமணா அப்படி எழுந்து போகிறவர் அல்ல. வாரங்கல்காரர், நாற்பதைத் தொடும் வயது, ஒரு அணிக்குத் தலைவர். சொன்னதைச் செய்வார். சிகரெட்டை மட்டும் விடவில்லை. அதையும் மறைக்க மாட்டார். அன்று மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், முன்கூட்டி நேரம் கேட்காமலே என் அறைக்கு வந்தார். "கொஞ்செம் ஆயாசங்கா உந்தி மேடம்" என்றார்.

ஆயாசம். நம் சொல்தானே? இரண்டு வாரமாக அவர் அணி வீட்டுக்கே சரியாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். களைப்பு என்றே நினைத்தேன். உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கத் திரும்பியபடி சரியாகத் தூங்கினாரா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், அவர் உட்காராமல் நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏசி ஓடும் அறையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு மார்பில் கை வைத்து, "ஊபிரி அந்தட்லேது" என்றார். மூச்சு எட்டவில்லை. அப்போதுதான் உறைத்தது. இவர்கள் மொழியில் ஆயாசம் களைப்பல்ல, மூச்சுத்திணறல்.

முதலுதவி அறையின் நர்ஸ் அன்று விடுப்பு. ரமணாவின் மேலாளர் பாலாஜிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பாலாஜி சென்னைக்காரர், கேன்டீனில் என்னோடு தமிழ் பேசுவதற்காகவே வந்து உட்காருபவர்.

"இப்பவா? கிளையன்ட் லைன்ல இருக்கான் மேடம். ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டாரா?"

"பொறுக்க முடியாதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நம்ம ஊர்க்காரங்கன்னுதான் சொல்றேன், இதுல மாட்டிக்காதீங்க. நீங்க கோச், டாக்டர் இல்ல. ஒண்ணுமில்லாம போச்சுன்னா உங்க வேலைக்குத்தான் ஆபத்து."

அவர் சொன்னது பொய்யில்லை. மருத்துவ ஆலோசனை எதுவும் சொல்லக் கூடாது என்பது என் வேலையின் நிபந்தனை. ரமணாவும் அந்த நிலையிலேயே "கால் ஐபோனிவ்வண்டி" என்று, அழைப்பு முடியட்டும் என்று கெஞ்சினார். போனை வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்து லிஃப்டுக்கு நடத்தினேன்.

வாசலில் நின்ற கம்பெனி வண்டியில் நானும் டிரைவரும் அவரை ஏற்றினோம். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "டென்ஷன் நக்கோ மேடம்" என்றார், பதற்றம் வேண்டாம் என்று. சொல்லிவிட்டு அவரே ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ரமணாவின் மனைவி சுஜாதா, உப்பலில் பள்ளி ஆசிரியை. ஊரின் மறுகோடி. போனில் அவரிடம் பேச எனக்குத் தெலுங்கு வரவில்லை. படித்த பாடமெல்லாம் மறந்த மாதிரி. "ஆயாசம்" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. "அய்யோ" என்ற குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது கேட்டது.

மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிய நர்ஸ், "மீரு ஏமவுதாரு?" என்று கேட்டார். அவருக்கு நீங்கள் என்ன உறவு? கோச் என்றால் வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். "அக்கா" என்றேன். இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம். கதவு வரைக்கும் விட்டார்கள். ரமணா என் விரல்களை விடவில்லை, நர்ஸ்தான் பிரித்தெடுத்தார்.

இருதயக் குழாயில் அடைப்பு. சுஜாதா வந்து சேர்வதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். மாலையில் டாக்டர் வெளியே வந்து, அடைப்பை எடுத்தாயிற்று, பிழைத்துக்கொண்டார் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் என்று தொடங்கியவர், சுஜாதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் நிர்வாகத்தினர் என்னைக் கூப்பிட்டு, இனி முதலில் தங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார்கள். வேலை போகவில்லை. பாலாஜி என் அறை வாசலில் வந்து நின்றார். "எப்படி இருக்காரு?" என்றார். பேசுகிறார் என்று சொன்னேன். அதன் பிறகு கேன்டீனில் அவர் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்.

பாலாஜி வந்துபோன அன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போது ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பேசிக்கொண்டே மொட்டைமாடிக்கு ஏறுவது அவர் வழக்கம். கரண்டு பில், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று எதையெதையோ சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவதுதான் கேட்டது.

"அப்பா, நில்லுங்க. அந்தப் படியிலயே உக்காருங்க."

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. பேசாம உக்காருங்க. போனை வாய்கிட்ட வச்சுக்கங்க."

உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. கண்டக்டர் "சிகந்திராபாத், சிகந்திராபாத்" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, திண்டுக்கல் மாடிப்படியில் ஒருவர் மூச்சு விடுவதைக் கேட்டபடி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.